ஃபேன் சுற்றுது, டிஸ்ப்ளே வரல: “போர்டு போச்சு” என்று ஒப்புக்கொள்ளும் முன் பார்க்க வேண்டியவை

கேள்வி இதுதான். பாலக்கோடு பக்கம் ஒரு தக்காளி மண்டியில் பில் போடும் கம்ப்யூட்டர். எச்61 மதர்போர்டு, மூன்றாம் தலைமுறை ஐ5 ப்ராசசர், 4 ஜிபி ராம் இரண்டு, பழைய கிராஃபிக்ஸ் கார்டு ஒன்று, ஒரு ஹார்ட் டிஸ்க். ராத்திரி இடி மழை. காலையில் ஆன் செய்தால் ஃபேன் சுற்றுகிறது, பவர் லைட் எரிகிறது, மானிட்டரில் ‘நோ சிக்னல்’. பார்க்க வந்தவர், “போர்டு போயிடுச்சுங்க, புது செட்டே போட்டுக்கலாம்” என்று சொல்லிவிட்டார். நாமே சோதிக்க வழி உண்டா, டேலி சாஃப்ட்வேரில் இருக்கும் கணக்கு என்ன ஆகும்?

கணக்கைப் பற்றிய கவலையை முதலில் தீர்த்துக்கொள்ளுங்கள். டேலி டேட்டா இருப்பது ஹார்ட் டிஸ்கில். போர்டு போனாலும் அது அப்படியே இருக்கும். மின்னல் டிஸ்கின் சர்க்யூட்டையும் அடிப்பது உண்டு, ஆனால் ஃபேன் ஒழுங்காகச் சுற்றும் மெஷினில் அதற்கு வாய்ப்பு குறைவு. டிஸ்கைக் கழற்றி, சாட்டாவிலிருந்து யுஎஸ்பிக்கு மாற்றும் கேபிள் போட்டு வேறொரு கம்ப்யூட்டரில் சொருகுங்கள். 3.5 அங்குல டிஸ்க் என்றால் 12 வோல்ட் அடாப்டரோடு வரும் கேபிள்தான் வேலை செய்யும், 2.5 அங்குல டிஸ்குக்கும் எஸ்எஸ்டிக்கும் யுஎஸ்பி கரண்டே பெரும்பாலும் போதும். ‘ஃபார்மட் செய்யவா?’ என்று விண்டோஸ் கேட்டால் கேன்சல் கொடுங்கள். டேலி டேட்டா ஃபோல்டருக்குள் வெறும் எண்ணையே பெயராகக் கொண்ட ஃபோல்டர்கள் இருக்கும், ஒவ்வொன்றும் ஒரு கம்பெனி. மொத்தமாக வேறு டிஸ்கில் காப்பி எடுத்த பிறகு நிதானமாக ரிப்பேரைப் பார்க்கலாம். சீசன் நடக்கிறது என்றால் அந்தக் காப்பியை வைத்தே இன்னொரு கம்ப்யூட்டரில் பில் போட ஆரம்பித்துவிடலாம்.

அடுத்து லைன். இடி மழைக்குப் பிறகு கம்ப்யூட்டர் மட்டும் படுத்ததா, டியூப் லைட், டிவி, மோடம் என்று வேறு எதுவும் சேர்ந்து போனதா? பல பொருள் ஒன்றாகப் போயிருந்தால் தெருவிலோ கம்பத்திலோ நியூட்ரல் அறுந்திருக்கலாம். நியூட்ரல் விட்டுப்போனால் 230 வோல்ட் வர வேண்டிய இடத்தில் 400 வரைக்கும் ஏறிவிடும். அதைச் சரி செய்யாமல் வேறு எஸ்எம்பிஎஸ் (கேபினெட்டுக்குள் எல்லாப் பாகத்துக்கும் கரண்டு கொடுக்கும் பெட்டி) மாட்டினால் அதுவும் காலி. மல்டிமீட்டரை ஏசி 750 வோல்ட் வரிசையில் வைத்து சுவிட்ச் பாக்ஸில் பாருங்கள்: ஃபேஸுக்கும் நியூட்ரலுக்கும் நடுவே 210 முதல் 245 வரை இருந்தால் கவலை இல்லை. 180க்குக் கீழே கிடந்தால், லைனில் மோட்டார்கள் ஓடும் நேரமா என்று பாருங்கள். எஸ்எம்பிஎஸ் லேபிளில் 100–240 என்று அச்சிட்டிருந்தால் இந்த லோ வோல்ட்டேஜைத் தாங்கிக்கொள்ளும். 200–240 என்றோ வெறும் 230 என்றோ இருந்தால் தடுமாறும்.

பெட்டியைத் திறக்கும் முன் ஒயரைப் பிடுங்குங்கள். சுவிட்சை ஆஃப் செய்தால் மட்டும் போதாது. பிடுங்கிய பிறகு பவர் பட்டனை அரை நிமிடம் அழுத்திப் பிடித்தால் போர்டில் தங்கிய கரண்டு இறங்கிவிடும். சில சமயம் இதுவே வைத்தியம்: திரும்பச் சொருகி ஆன் செய்தால் டிஸ்ப்ளே வந்துவிடும். எஸ்எம்பிஎஸ் பெட்டியை மட்டும் எக்காரணம் கொண்டும் பிரிக்காதீர்கள். அதன் உள்ளே இருக்கும் பெரிய கெப்பாசிட்டரில் 320 வோல்ட் அளவுக்கு டிசி நிற்கும், ஒயரைப் பிடுங்கிய பிறகும் கொஞ்ச நேரம் நிற்கும்.

இப்போது விஷயத்துக்கு வருவோம். ஃபேன் சுற்றுவதால் மெஷின் வேலை செய்கிறது என்று அர்த்தமில்லை, 12 வோல்ட் வருகிறது என்று மட்டும்தான் அர்த்தம். டிஸ்ப்ளே வராததால் போர்டு செத்துவிட்டது என்றும் சொல்ல முடியாது. இரண்டுக்கும் நடுவே எங்கே நிற்கிறது என்று கண்டுபிடிக்க வேண்டும். அதற்குக் காசில்லாத சோதனை ஒன்று உண்டு: கீபோர்டில் ‘நம் லாக்’ (Num Lock) பட்டனை அழுத்துங்கள். ஆன் செய்து ஒரு நிமிடம் கழித்து அழுத்தும்போது அந்தச் சின்ன லைட் எரிந்து அணைந்தால் ப்ராசசர், ராம், பயாஸ் (ஆன் செய்ததும் முதலில் ஓடும், போர்டிலேயே இருக்கும் அடிப்படை சாஃப்ட்வேர்) மூன்றும் ஓடுகின்றன. கோளாறு கார்டிலோ கேபிளிலோ மானிட்டரிலோதான். லைட் அசையாமல் நின்றால் மெஷின் ஆரம்பக் கட்டத்திலேயே முடங்கியிருக்கிறது. மானிட்டரையும் சும்மா விட வேண்டாம். கேபிளைப் பிடுங்கியதும் ‘கேபிளைச் சரிபார்க்கவும்’ என்ற மாதிரி ஒரு கட்டம் திரையில் மிதந்தால் மானிட்டருக்கு உயிர் இருக்கிறது. ஒரு லேப்டாப்பையோ செட்டாப் பாக்ஸையோ எச்டிஎம்ஐயில் சொருகிப் படம் வந்தால் சந்தேகமே வேண்டாம். சோர்ஸ் பட்டன் விஜிஏவில் இருக்கிறதா எச்டிஎம்ஐயில் இருக்கிறதா என்பதையும் பாருங்கள். சிரிக்காதீர்கள், இதற்காகவே பெட்டியைத் தூக்கிக்கொண்டு கடைக்கு வருகிறவர்கள் நிறையப் பேர்.

உங்கள் மெஷினில் தனி கிராஃபிக்ஸ் கார்டு இருப்பதால் அடுத்து அதைக் கழற்றுங்கள். கார்டு செருகியிருந்தால் பல போர்டுகள் தன் விஜிஏ போர்ட்டைத் தானே அணைத்துவிடும். அதனால் கார்டை வைத்துக்கொண்டே கேபிளை மட்டும் போர்டுக்கு மாற்றிப் பார்ப்பதில் பயனில்லை. ஸ்லாட்டின் ஓரத்தில் இருக்கும் கொக்கியை விடுவித்துவிட்டு நேராக மேலே இழுங்கள். மூன்றாம் தலைமுறை ஐ5இல் படம் காட்டும் பகுதி ப்ராசசருக்குள்ளேயே இருக்கிறது, ஆகவே போர்டின் விஜிஏவில் டிஸ்ப்ளே வர வேண்டும். மாடல் எண்ணின் கடைசியில் ‘பி’ (P) என்று இருந்தால் மட்டும் வராது, அந்த ரகத்துக்குக் கார்டு கட்டாயம். இடையில் எச்டிஎம்ஐ–விஜிஏ கன்வெர்ட்டர் போட்டிருந்தால் அதையும் ஒதுக்கிவிட்டு நேரடி விஜிஏ கேபிளால் பாருங்கள். நூறு இருநூறு ரூபாய்க்கு வரும் அந்தக் குட்டிக் கன்வெர்ட்டர்கள் சொல்லாமல் கொள்ளாமல் செத்துப்போகும்.

இதிலும் வரவில்லையா? எல்லாவற்றையும் கழற்றுங்கள். ஹார்ட் டிஸ்க், டிவிடி டிரைவ், முன்பக்க யுஎஸ்பி ஒயர், பிரிண்டர், பென் டிரைவ், லேன் கேபிள், எல்லாம். போர்டில் ப்ராசசர், அதன் ஃபேன், ஒரே ஒரு ராம், 24 பின் ஒயர், ப்ராசசருக்கான 4 பின் ஒயர் மட்டும் இருக்கட்டும். கேபினெட்டின் முன்பக்கத்திலிருந்து வரும் மெல்லிய ஒயர்களையும் பிடுங்கிவிடுங்கள், குறிப்பாக ரீசெட் ஒயரை. தூசி அடைந்து ரீசெட் பட்டன் உள்ளேயே சிக்கிக்கொண்டால் போர்டு நிரந்தரமாக ரீசெட் நிலையில் கிடக்கும்: ஃபேன் சுற்றும், வேறெதுவும் நடக்காது. பார்க்க அச்சு அசல் போர்டு செத்த மாதிரியே இருக்கும். பவர் சுவிட்சுக்கு உரிய இரண்டு பின்களை ஸ்க்ரூடிரைவர் நுனியால் ஒரு நொடி தொட்டு ஆன் செய்யலாம்.

இனிச் சொல்லப்போவதுதான் இந்தப் பதிலிலேயே முக்கியமான சோதனை. போர்டின் ஓரத்தில், பவர் சுவிட்ச் பின்களுக்குப் பக்கத்தில், ‘ஸ்பீக்கர்’ என்று அச்சிட்ட நான்கு பின் இடம் இருக்கும். அதில் மாட்ட ஒரு குட்டி பஸ்ஸர் கம்ப்யூட்டர் கடையில் சில்லறைக் காசுக்குக் கிடைக்கும். இப்போது வரும் கேபினெட்டுகளில் பெரும்பாலும் தருவதில்லை. அதை மாட்டிவிட்டு, மீதி இருக்கும் அந்த ஒரு ராமையும் கழற்றிவிட்டு ஆன் செய்யுங்கள். பீப் பீப் என்று திரும்பத் திரும்பக் கத்தினால் சந்தோஷப்படுங்கள். ராம் இல்லை என்று சொல்வதற்கே ப்ராசசர் ஓட வேண்டும், பயாஸ் சிப் படிக்கப்பட வேண்டும், போர்டின் முக்கியமான வோல்ட்டேஜ்கள் வர வேண்டும். அதாவது போர்டு பெரும்பாலும் உயிரோடு இருக்கிறது, பிரச்சினை ராமிலோ ஸ்லாட்டிலோ கார்டிலோ. சத்தமே இல்லை என்றால் எஸ்எம்பிஎஸ், ப்ராசசர், பயாஸ், போர்டு நான்கில் ஒன்று. “போர்டு போச்சு” என்று சொல்பவரிடம், ராம் இல்லாமல் போட்டுப் பார்த்தீர்களா, கத்தியதா என்று ஒரு வார்த்தை கேளுங்கள். பதில் வரும் விதத்திலேயே அவர் சோதித்தாரா இல்லையா என்பது தெரிந்துவிடும். ராம் போட்ட பிறகு வரும் பீப்களின் எண்ணிக்கைக்குப் பயாஸ் கம்பெனியைப் பொறுத்து அர்த்தம் மாறும். ஒரே ஒரு குட்டிப் பீப் மட்டும் பெரும்பாலான போர்டுகளில் ‘எல்லாம் சரி’ என்று பொருள்.

கத்தியது என்றால் ராமுக்கு வாருங்கள். தங்க நிறத்தில் வரிசையாக இருக்கும் பட்டைகளில் மங்கலோ கறுப்போ தெரிகிறதா? பள்ளிப் பிள்ளைகள் வைத்திருக்கும் வெள்ளை ரப்பரால் இரண்டு பக்கமும் மெதுவாக, ஒரே திசையில் தேயுங்கள். ரப்பர் துகளை ஊதாதீர்கள், எச்சில் படும். மென்மையான பிரஷால் தட்டிவிட்டு, ஐசோபுரோபைல் ஆல்கஹால் தொட்ட துணியால் துடைத்து இரண்டு நிமிடம் உலரவிடுங்கள். தின்னர், பெட்ரோல் வேண்டவே வேண்டாம். ஸ்லாட்டுக்குள் ஊசியோ பின்னோ விட்டுச் சுரண்டாதீர்கள், காய்ந்த பல்துலக்கும் பிரஷ் போதும். மண்டி, அரவை மில், கிருஷ்ணகிரி–பர்கூர் பக்கத்துக் கிரானைட் பாலிஷ் பட்டறை மாதிரி இடங்களில் இருக்கும் மெஷின்களில் ஸ்லாட்டுக்குள் மாவு மாதிரித் தூசி படிந்திருக்கும். மழை ஈரம் சேர்ந்ததும் ராம் சரியாகத் தொடாது. இடி மழைக்கு மறுநாள் படுக்கும் கம்ப்யூட்டரை எல்லாம் மின்னல் அடித்தது என்று நினைக்க வேண்டியதில்லை. ஒரு ராமை ஒரு ஸ்லாட்டில் போடுங்கள், பிறகு அடுத்த ஸ்லாட்டில், பிறகு இரண்டாவது ராமோடு அதே மாதிரி. மொத்தம் நான்கு முறை. கட்டைவிரல் இரண்டாலும் அழுத்தும்போது கொக்கி ‘க்ளிக்’ என்று தானாக மூட வேண்டும். பாதி உட்கார்ந்த ராமில் கரண்டு விட்டால் பட்டை கருகிவிடும். டிடிஆர்3 ராமில் நடுவெட்டு இருக்கும் இடம் டிடிஆர்4இல் வேறு, மாற்றிச் சொருக முயன்று ஸ்லாட்டை உடைக்க வேண்டாம்.

பயாஸ் செட்டிங்கையும் தேதியையும் காப்பாற்றி வைக்கும் சிமாஸ் பேட்டரியையும் இதே சமயத்தில் பாருங்கள். ஒரு ரூபாய்க் காசு மாதிரி பளபளப்பாக இருக்கும் சிஆர்2032, புதிதில் 3 வோல்ட்டுக்குக் கொஞ்சம் மேலே காட்டும். 2.7க்குக் கீழே இறங்கியிருந்தால் மாற்றிவிடுங்கள், ஐம்பது ரூபாய்க்குள் முடியும் வேலை. மெயின் ஒயரைப் பிடுங்கி, பேட்டரியை எடுத்து, கிளியர் சிமாஸ் ஜம்பரை (போர்டின் பின்கள் மேல் மாட்டியிருக்கும் குட்டித் தொப்பி) பத்து நொடி மாற்றி வைத்துத் திரும்பப் பழைய இடத்திலேயே போடுங்கள். ஜம்பர் எது என்று புரியவில்லை என்றால் பேட்டரியை எடுத்துவிட்டுப் பத்து நிமிடம் சும்மா விட்டாலும் போதும். பயாஸ் செட்டிங் குழம்பிப்போனதால் டிஸ்ப்ளே வராத மெஷின்கள் இதிலேயே எழுந்துவிடும்.

சத்தமே வராத மெஷினுக்கு இப்போது வோல்ட்டேஜ் அளக்க வேண்டும். ப்ராசசருக்குப் பக்கத்தில் செருகும் 4 பின் ஒயர் (இரண்டு மஞ்சள், இரண்டு கறுப்பு) நன்றாக உட்கார்ந்திருக்கிறதா? அது கழன்றிருந்தால் எல்லா ஃபேனும் சுற்றும், ப்ராசசர் மட்டும் பட்டினி. மல்டிமீட்டரை டிசி 20 வோல்ட்டில் வைத்து, கறுப்பு முனையை ஏதாவது ஒரு கறுப்பு ஒயரில் வையுங்கள், சிவப்பு முனையை 24 பின் பிளக்கின் பின்பக்கத்திலிருந்து நுழையுங்கள். மெஷின் ஆஃபில் இருக்க, பிளக் மட்டும் சொருகியிருக்கும்போது ஊதா ஒயரில் 5 வோல்ட் வர வேண்டும். பச்சை ஒயரில் 3இலிருந்து 5க்குள் இருந்து, பவர் பட்டனை அழுத்தியதும் பூஜ்யத்துக்கு இறங்க வேண்டும். ஓடும்போது மஞ்சளில் 11.4 முதல் 12.6, சிவப்பில் 4.75 முதல் 5.25, ஆரஞ்சில் 3.14 முதல் 3.47. சாம்பல் நிற ஒயரை யாரும் பார்ப்பதில்லை, ஆனால் அதுதான் ‘கரண்டு தயார்’ என்று போர்டுக்குச் சொல்லும் ஒயர். ஓடும்போது அதில் 5 வோல்ட் இல்லாவிட்டால் ப்ராசசர் கிளம்பவே கிளம்பாது. ஃபேன் சுற்றி டிஸ்ப்ளே வராத நிலைக்கு இது ஒரு நல்ல காரணம், அதுவும் இடி மழைக்குப் பிறகு. இந்த எண்களில் ஏதாவது ஒன்று தவறினாலும் போர்டைக் குறை சொல்லும் முன் வேறு எஸ்எம்பிஎஸ் ஒன்றை இரவல் வாங்கி மாட்டிப் பாருங்கள்.

எண்கள் எல்லாம் சரி, ஆனாலும் மௌனம் என்றால் கண்ணுக்கும் மூக்குக்கும் வேலை. டார்ச் அடித்துப் போர்டைப் பாருங்கள். ப்ராசசரைச் சுற்றி நிற்கும் உருளைக் கெப்பாசிட்டர்களின் தலை தட்டையாக இருக்க வேண்டும். உப்பியிருந்தாலோ பழுப்புக் கசிவு தெரிந்தாலோ அதுதான் காரணமாக இருக்கலாம். கெப்பாசிட்டர் மாற்றத் தெரிந்தவர் தர்மபுரி, கிருஷ்ணகிரி, ஓசூரில் உண்டு, போர்டு விலையில் சிறு பங்குதான் ஆகும். மின்னல் பெரும்பாலும் உள்ளே வருவது கரண்டு ஒயர் வழியாகத்தான் என்று நினைக்கிறோம், லேன் கேபிளை மறந்துவிடுகிறோம். மோடத்திலிருந்து வரும் அந்தக் கேபிள் வழியாக அடி வாங்கினால் லேன் போர்ட்டுக்குப் பின்னால் இருக்கும் சின்னக் கறுப்புச் சிப்பில் பொட்டு மாதிரிக் கருகல் இருக்கும். மெஷினை ஆன் செய்யாமல் பிளக்கை மட்டும் சொருகி ஐந்து நிமிடம் விட்டு, சட்டென்று தொட்டுப் பாருங்கள். அந்தச் சிப் கை வைக்க முடியாத சூட்டில் இருந்தால் ஷார்ட் ஆகியிருக்கிறது. சிப் லெவலில் வேலை செய்பவர் அதைக் கழற்றிவிட்டாலே பல போர்டுகள் எழுந்துவிடும், லேனுக்கு யுஎஸ்பி அடாப்டர் ஒன்று போட்டுக்கொள்ளலாம். இன்னொன்று, பல்லி. வெதுவெதுப்புக்காக எஸ்எம்பிஎஸ் ஓட்டை வழியாக நுழைந்து போர்டின் மேல் செத்துக் கிடக்கும். முட்டை, எச்சம் எல்லாம் ஷார்ட் செய்யும். எறும்பும் அப்படித்தான். பின்பக்கத்தில் திறந்து கிடக்கும் கார்டு ஓட்டைகளை மூடாமல் விட்டால் அடுத்த வருடமும் வரும்.

ப்ராசசரைக் கடைசியாகத் தொடுங்கள். அது மிகக் குறைவாகப் போகும் பாகம். அதைக் கழற்றி மாட்டும்போதுதான் புதுக் கோளாறு வருகிறது. இந்த ரகப் போர்டில் பின்கள் சாக்கெட்டில்தான் இருக்கும், ஒன்று வளைந்தாலும் ஒரு ராம் ஸ்லாட்டே போய்விடலாம். ஹீட்சிங்கின் (ப்ராசசர் மேல் உட்கார்ந்து சூட்டை இறக்கும் உலோகக் கட்டை) நான்கு கால்களும் அழுந்தியிருக்கின்றனவா என்று ஆட்டிப் பார்ப்பது, இரண்டு மூன்று நிமிடம் ஓடிய பிறகு ஹீட்சிங்கின் அடியில் லேசான சூடாவது ஏறுகிறதா என்று தொட்டுப் பார்ப்பது, இத்தனை போதும்.

வேறு நல்ல எஸ்எம்பிஎஸ், வேறு நல்ல ராம், பேட்டரி ரீசெட், கேபினெட்டுக்கு வெளியே அட்டைப்பெட்டியின் மேல் வைத்து ஓட்டிப் பார்த்தல், இத்தனைக்குப் பிறகும் பஸ்ஸர் வாய் திறக்கவில்லை என்றால் போர்டு போய்விட்டது என்று ஒப்புக்கொள்ளலாம். அட்டைப்பெட்டி எதற்கு என்றால், போர்டுக்கு அடியில் தவறான இடத்தில் மாட்டிய ஒரு பித்தளை ஸ்டாண்டோ விழுந்து கிடக்கும் ஒரு ஸ்க்ரூவோ ஷார்ட் செய்துகொண்டிருக்கலாம்.

மற்ற நோய்கள், சுருக்கமாக

உங்கள் கேள்வி இல்லைதான், ஆனால் இதைப் படிக்கும் பலருக்கு வேறு அறிகுறி இருக்கும். சுத்தமாக உயிரே இல்லை, ஃபேன்கூடச் சுற்றவில்லை என்றால் சுவரிலிருந்து தொடங்குங்கள்: ஸ்பைக் பஸ்டர், யுபிஎஸ் இரண்டையும் விலக்கி நேரே சொருகுங்கள். யுபிஎஸ்ஸின் 12 வோல்ட் 7 ஆம்பியர்-அவர் பேட்டரி இரண்டு மூன்று வருடத்தில் தளர்ந்துவிடும், சில யுபிஎஸ்கள் பேட்டரி செத்தால் கரண்டு இருந்தாலும் எழாது. எஸ்எம்பிஎஸ்ஸின் பின்புற சுவிட்சைப் பாருங்கள். பழைய எஸ்எம்பிஎஸ்ஸில் 115/230 என்று ஒரு சிவப்பு சுவிட்ச் இருக்கும், யாராவது 115க்குத் தள்ளியிருந்தால் ‘டப்’ என்று ஒரு சத்தத்தோடு கதை முடிந்திருக்கும். 24 பின்னைப் போர்டிலிருந்து பிடுங்கி, பச்சையையும் ஒரு கறுப்பையும் ஜெம் கிளிப்பால் இணைத்துப் பிளக்கைச் சொருகினால் எஸ்எம்பிஎஸ் ஃபேன் சுற்ற வேண்டும். சுற்றாவிட்டால் அது செத்தது. சுற்றினால் நல்லது என்று சத்தியம் செய்ய முடியாது, லோடு ஏறும்போது விழும் ரகங்கள் உண்டு. எல்லா ஒயரும் கறுப்பாக வரும் புது எஸ்எம்பிஎஸ்ஸில் இதைக் குத்துமதிப்பாகச் செய்ய வேண்டாம்.

ஆன் ஆகி இரண்டு நொடியில் அணைந்து மறுபடி ஆன் ஆகிறது என்றால் ராம், ஷார்ட், அல்லது பயாஸ். இரண்டு நிமிடம் ஓடி அணைந்தால் சூடு: தெர்மல் பேஸ்ட் காய்ந்திருக்கும், அல்லது ஹீட்சிங்கின் கால் ஒன்று கழன்றிருக்கும். துடைத்துவிட்டுப் புதுப் பேஸ்ட் பட்டாணி அளவு வைத்தால் போதும், சட்னி மாதிரிப் பூச வேண்டாம். கரண்டு போய் இன்வெர்ட்டருக்கு மாறும் ஒவ்வொரு தடவையும் ரீஸ்டார்ட் ஆனால் இன்வெர்ட்டரின் பின்புற சுவிட்ச் யுபிஎஸ் மோடில் இருக்கிறதா என்று பாருங்கள். எஸ்எம்பிஎஸ் கரண்டு இல்லாமல் தாங்குவது ஏறக்குறைய 16 மில்லிசெகண்டுதான்.

லோகோ வருகிறது, விண்டோஸ் வரவில்லை என்பது தனி ரகம், போர்டு பிழைத்துக்கொண்டது என்ற நல்ல செய்தியும்கூட. இதில் பலர் ஏமாறும் இடம் ஒன்று உண்டு. சிமாஸ் பேட்டரி செத்ததும் பயாஸ் தன் ஆரம்ப செட்டிங்குக்குப் போய்விடும். டிஸ்கின் மோடு ஏஎச்சிஐ என்று இருந்தது ஐடிஇ ஆகிவிடும், அல்லது யுஇஎஃப்ஐ பூட் லெகசியாக மாறிவிடும். விண்டோஸ் பாதியில் நீலத் திரையோடு நிற்கும், அல்லது பூட் டிவைஸே இல்லை என்று சொல்லும். உடனே “விண்டோஸ் கரப்ட், ஃபார்மட் பண்ணணும்” என்பார்கள். வேண்டாம். பயாஸுக்குள் போய் மோடை மாற்றிப் பாருங்கள், விண்டோஸ் அப்படியே எழும். மேலே சொன்னபடி நீங்களே சிமாஸ் கிளியர் செய்தாலும் இதே நிலை வரும் என்பதால் நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். தேதியையும் திருத்துங்கள், வருடம் பின்னுக்குப் போயிருந்தால் ஜிஎஸ்டி, பேங்க் தளங்கள் பாதுகாப்பு எச்சரிக்கை காட்டித் திறக்க மறுக்கும். பயாஸில் டிஸ்கின் பெயரே வரவில்லை என்றால் சாட்டா கேபிளை மாற்றுங்கள். டிஸ்க் டக் டக் என்று தட்டினால் ஆன் செய்வதையே நிறுத்துங்கள், ஒவ்வொரு ஆனும் டேட்டாவுக்குக் கேடு.

புது மெஷின்காரர்களுக்கு இரண்டு வரி. இன்டெல் ப்ராசசர் பெயரின் கடைசியில் ‘எஃப்’ இருந்தால் போர்டின் எச்டிஎம்ஐயில் ஒருபோதும் படம் வராது, கார்டில்தான் சொருக வேண்டும். டிடிஆர்5 ராம் போட்ட புது மெஷின் முதல் தடவை பல நிமிடம் கறுப்புத் திரையோடு நிற்கும், ராமை அளந்து பழகிக்கொண்டிருக்கிறது. பதறி ஆஃப் செய்தால் மறுபடி முதலிலிருந்து.

எர்த்

கேபினெட்டைத் தொட்டால் ‘சுர்’ என்கிறதா? எஸ்எம்பிஎஸ்ஸின் உள்ளே இருக்கும் சின்ன ஃபில்டர் கெப்பாசிட்டர்கள் கசிவுக் கரண்டை எர்த் ஒயருக்குத் தள்ளும்படி அமைந்தவை. எர்த் இல்லாவிட்டால் அந்தக் கசிவு கேபினெட்டிலேயே நிற்கும், டெஸ்டர் மின்னும். தர்மபுரி, கிருஷ்ணகிரி என்ற நம் இரண்டு மாவட்டங்களிலும் பல இடங்களில் கொஞ்சம் தோண்டினாலே பாறை. எர்த் குழி என்ற பெயரில் இரண்டடி பைப்பைப் புதைத்துவிட்டுப் போயிருப்பார்கள். எட்டடியாவது இறங்கிய ஜிஐ பைப், சுற்றிலும் உப்பும் கரியும் மாற்றி மாற்றிப் போட்ட குழி, கோடையில் வாரம் ஒரு குடம் தண்ணீர் என்று இருந்தால்தான் எர்த் எர்த்தாக இருக்கும். நியூட்ரலுக்கும் எர்த்துக்கும் நடுவே மீட்டரில் இரண்டு மூன்று வோல்ட்டுக்கு மேல் காட்டினால் எலக்ட்ரீஷியனைக் கூப்பிடுங்கள். எர்த் சரியில்லாத இடத்தில் ஸ்பைக் பஸ்டருக்குக் கொடுத்த காசில் பாதி வீண், மின்னலின் வேகத்தை இறக்கிவிட அதற்கு வழி வேண்டுமே. சித்திரை, வைகாசி இடி நேரத்திலும் ஐப்பசி மழையிலும் மண்டி மூடும்போது பவர் ஒயர், லேன் கேபிள் இரண்டையும் பிடுங்கிவிட்டுப் போவதுதான் உறுதியான பாதுகாப்பு.

போர்டு போனது உறுதி என்றால்

இரண்டு வழி. பில் போட மட்டும்தான் என்றால் இன்னொரு எச்61 போர்டு போதும்; உங்கள் ப்ராசசர், ராம், டிஸ்க் எல்லாம் அப்படியே பொருந்தும். பெங்களூரு எஸ்.பி. ரோட்டில் பழைய போர்டுகள் குவிந்து கிடக்கும், கூரியரிலும் வரும். ஆனால் பழைய பயாஸ் உள்ள எச்61, மூன்றாம் தலைமுறை ப்ராசசரை அடையாளம் காணாது, ஃபேன் சுற்றி டிஸ்ப்ளே வராத அதே கதை மறுபடி. உங்கள் ப்ராசசரையே கையில் கொண்டுபோய் அங்கேயே ஓட்டிக் காட்டச் சொல்லி வாங்குங்கள். புதிது என்று சீல் போட்டு வரும் விலை குறைந்த எச்61 போர்டுகளில் பல, பழைய சிப்செட்டைக் கழற்றித் திரும்ப ஒட்டியவை. வாரண்டி எழுத்தில் தந்தால் மட்டும் எடுங்கள்.

ஜிஎஸ்டி ரிட்டர்ன், நெட் பேங்கிங் எல்லாம் இதே மெஷினில் என்றால் பழையதற்குச் செலவு செய்வதை நான் சொல்ல மாட்டேன். விண்டோஸ் 10க்கான இலவச ஆதரவு 2025 அக்டோபர் 14ஆம் தேதியோடு முடிந்துவிட்டது. விண்டோஸ் 11, இன்டெலில் எட்டாம் தலைமுறைக்குக் கீழே முறைப்படி ஏறாது. எட்டாம் தலைமுறை ஐ3, அதற்குரிய போர்டு, 8 ஜிபி டிடிஆர்4 ராம் என்று செகண்ட் ஹேண்ட் செட் எடுத்தால் எஸ்எம்பிஎஸ், கேபினெட், மானிட்டர், டிஸ்க் எல்லாம் பழையதே ஓடும். எஸ்எம்பிஎஸ் மேலே சொன்ன எண்களில் தேறியிருந்தால்.

எந்த வழியில் போனாலும், போர்டு மாறியதும் டேலி எஜுகேஷனல் மோடில் (லைசன்ஸ் இல்லாத பயிற்சி நிலை) திறக்கக்கூடும். லைசன்ஸ் அந்த மெஷினோடு கட்டப்பட்டது. சீரியல் நம்பரும் பதிவு செய்த மின்னஞ்சல் ஐடியும் இருந்தால் நெட் இணைத்து மறுபடி ஆக்டிவேட் செய்துகொள்ளலாம். அந்த மின்னஞ்சல் பல மண்டிகளில் எப்போதோ வந்து போட்டுக்கொடுத்தவருடையதாக இருக்கும். யாருடையது என்று இன்றைக்கே கேட்டு வையுங்கள்.